பெற்றோரின் பட்டமும் பிள்ளைகளின் மெய்ப்பாடும்

சூலூர் வட்டாரத்தில் கோடைக்காலம் என்பது விண்ணப்பப் படிவங்களின் காலம். மழலையர் பள்ளிப் படிவம் தொடங்கிக் கல்லூரிப் படிவம் வரை தவறாமல் ஒரு கட்டம் இடம்பெறுகிறது: தந்தையின் கல்வித் தகுதி, தாயின் கல்வித் தகுதி. பார்வைக்கு எளிய கட்டம்தான். ஆனால் அதில் எழுதப்படும் சொல்லை வைத்து ஒரு குழந்தையின் மனத்தையே அளந்துவிடலாம் என்னும் நம்பிக்கை கல்வியுலகில் வேரூன்றி வருகிறது. படித்த பெற்றோரின் பிள்ளைகள் பிறர் உணர்வை அறிவார்கள், தம் உணர்வை ஆளுவார்கள். படிக்காதவர் பிள்ளைகளுக்கு அது வாய்க்காது. ஆசிரியர் பயிற்சி வகுப்புகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் இது ஐயத்துக்கு இடமற்ற உண்மைபோல் சொல்லப்படுகிறது. ஆய்வு நோக்கில் இது வலுவற்றது, அற நோக்கில் தீங்கானது என்பதே நம் கருத்து. அதனை எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத மாலையில், விசைத்தறிக் குடோனில் வேலை செய்யும் பெண்மணி ஒருவர் மகனை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குச் செல்பவருக்குத் தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகை தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2010இல் கொண்டுவந்தது. அதற்கான சான்றிதழைப் பற்றி நாம் சொன்னபோது அவர் கேட்டார்:

"ஏனுங்க சார், எங்க வீட்ல ஆரும் படிக்கலைங்கறதுக்கு கெவுருமெண்டே ஒரு சீட்டு குடுக்குதுங்களா?"

"ஆமாங்க. அதை வாங்கினால் கட்டணம் குறையும்."

"அப்ப நாங்க படிக்காததும் ஒரு வகைல நல்லதுக்குத்தானுங்க" என்று சொல்லிச் சிரித்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த கணமே அவர் சிரிப்பை நிறுத்தினார். "அவனுக்கு இந்தப் பேச்சு ஆகாதுங்க, வேற என்னென்ன சீட்டு வேணும்னு சொல்லுங்க" என்று பேச்சை மாற்றினார்.

ஒரு முகத்தைப் பார்த்தார். அதிலிருந்த நாணத்தை அறிந்தார். தம் சொல்லே அதற்குக் காரணம் என உணர்ந்தார். மகனைப் பிறர் முன் விளக்கவைக்காமல் காத்தார். இவை அனைத்தும் சில நொடிகளில் நிகழ்ந்தன. மனவெழுச்சி நுண்ணறிவு என்று பாடநூல்கள் எதைச் சொல்கின்றனவோ, அதன் எல்லாக் கூறுகளும் இங்கு உள்ளன. ஆனால் படிவத்தின் கட்டத்தில் அந்த அம்மா ஒரு சிறு கோடு மட்டுமே.

இந்தக் கருத்தாக்கத்தின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம். 1990இல் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் இதனை ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தனர். உணர்வை அறிதல், அதனைச் சிந்தனைக்குப் பயன்படுத்துதல், நெறிப்படுத்துதல் ஆகியவற்றை ஒரு திறனாகக் கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் இதனை உலகெங்கும் பரப்பியது. வாழ்க்கை வெற்றிக்குப் புத்திக்கூர்மையைவிட இதுவே முதன்மை என்னும் முழக்கம் அங்கிருந்துதான் கிளம்பிற்று. அந்த முழக்கம் மிகையானது என்று சாலவேயும் மேயருமே பின்னர் எச்சரித்தனர். எச்சரிக்கை நம் ஊர் வந்து சேரவில்லை, முழக்கம் மட்டும் வந்துவிட்டது.

அளவிடும் முறை என்ன? 2002இல் மேயர், சாலவே, கருசோ மூவரும் வெளியிட்ட தேர்வு புகழ்பெற்றது. ஒரு முகத்தின் படத்தைக் காட்டி அதில் எவ்வளவு சினம், எவ்வளவு துயரம் எனக் கேட்பார்கள். சரியான விடையை யார் முடிவு செய்வது? இரண்டு வழிகள் வகுத்தனர். பெரும்பான்மையோர் சொன்ன விடையோடு ஒப்பிடுவது ஒன்று. உணர்வியல் ஆய்வாளர்கள் 21 பேரின் விடையோடு ஒப்பிடுவது மற்றொன்று. ஆக, உணர்வறிவு என்று இங்கு அளக்கப்படுவதில் ஒரு பெரும்பங்கு, ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் பெரும்பான்மையோரைப் போலவோ அங்குள்ள வல்லுநர்களைப் போலவோ விடையளிக்கும் ஆற்றல். அந்தச் சமூகத்துக்குள் அது பயனுள்ள அளவாக இருக்கலாம். அதனைச் சோமனூர்ப் பிள்ளைக்கு அப்படியே பொருத்துவதற்கு நியாயம் இல்லை.

நம் கல்வியியல் கல்லூரிகளில் நடப்பது இதனினும் எளிய காரியம். மாணவர் கையில் ஒரு வினாத்தாள் தரப்படும். என் உணர்வுகளை நான் பிறரிடம் தெளிவாக வெளிப்படுத்துகிறேன் என்பது போன்ற வாக்கியங்கள். முற்றிலும் உடன்படுகிறேன் முதல் முற்றிலும் மறுக்கிறேன் வரை ஐந்து கட்டங்கள். அவற்றைக் கூட்டி, பெற்றோர் படித்தவரா படிக்காதவரா எனப் பிரித்து, குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டா இல்லையா என எழுதிவிட்டால் ஓர் ஆய்வேடு முடிந்தது. சில ஏடுகள் உண்டு என்கின்றன, சில இல்லை என்கின்றன. இரண்டுமே நமக்குப் பெரிதாக எதையும் சொல்வதில்லை. ஏனெனில் மாணவன் தன்னைப் பற்றித் தானே தந்த சான்றிதழ் அது. எந்தக் கட்டத்தில் குறியிட்டால் ஆசிரியர் மகிழ்வார் என்பதைப் படித்த வீட்டுப் பிள்ளை அறியும். வீட்டில் அந்தப் பயிற்சி நாள்தோறும் நடக்கிறது. மேலும், பெற்றோரின் பட்டம் ஒருபோதும் தனியே வருவதில்லை. வருமானம், சாதி, வீட்டில் ஒரு தனியறை, ஆங்கில வழிப் பள்ளி, மாலையில் பிள்ளையோடு உட்கார நேரம் எல்லாம் அதனோடு சேர்ந்தே வருகின்றன. இவை அனைத்தின் விளைவையும் பட்டத்தின் கணக்கில் எழுதுவது எவ்வகை நியாயம்?

கடல் கடந்தும் இதே பிழை நேர்ந்திருக்கிறது. 1995இல் ஹார்ட், ரிஸ்லி என்னும் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 42 குடும்பங்களை ஆராய்ந்து, ஏழை வீட்டுக் குழந்தை நான்கு வயதுக்குள் வசதியான வீட்டுக் குழந்தையைவிட மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று கணக்கிட்டனர். அந்த எண் கொள்கை வகுப்போரிடையே மந்திரம்போல் பரவியது. 2019இல் ஸ்பெரியும் உடன் ஆய்வாளர்களும் இதனை மறுத்து எழுதினர். ஏழைச் சமூகங்களுக்குள்ளேயே பெரிய வேறுபாடுகள் உள்ளன. தாயின் சொற்களை மட்டும் எண்ணாமல், குழந்தையைச் சூழ்ந்திருக்கும் பாட்டி, அண்ணன், அண்டை வீட்டார் பேச்சையும் எண்ணினால் கணக்கே மாறுகிறது என்று காட்டினர். 2003இல் அனெட் லாரோ வெளியிட்ட சமூகவியல் நூல் இன்னும் நுட்பமானது. நடுத்தர வர்க்கப் பெற்றோர் பிள்ளையைத் திட்டமிட்டுப் பயிரிடுவதுபோல் வளர்க்கிறார்கள். உழைக்கும் வர்க்கத்தார் இயல்பாக வளரவிடுகிறார்கள். இரண்டாம் வகைப் பிள்ளைகளிடம் உறவுப் பிணைப்பும் தம் பொழுதைத் தாமே நடத்திக்கொள்ளும் திறனும் இருப்பதை அவர் கண்டார். பள்ளியும் அலுவலகமும் மதிப்பது முதல் வகையை மட்டுமே என்பதையும் கண்டார். குறை பிள்ளையிடம் இருந்ததா, பார்த்த கண்ணில் இருந்ததா?

சூலூர், சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் பக்கத்துத் தறிக்குடோன்களுக்குள் ஒருமுறை சென்று நின்றவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். நாடா பாயும் ஓசையில் பக்கத்தில் நிற்பவர் பேச்சும் காதில் விழாது. அங்கே உழைப்பவர்கள் உதட்டசைவையும் புருவத்தையும் கையசைப்பையும் பார்த்தே பேசிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளில் பெண்கள் இவ்வாறு உதட்டசைவில் பேசிய முறைக்கு மீ-மாவிங் என்று தனிப்பெயரே இருந்தது. நம் ஊரில் அதற்குப் பெயரில்லை, வழக்கம் மட்டும் உண்டு. இந்தச் சூழலில் வளரும் பிள்ளை முகம் பார்க்கப் படிக்கிறது. அம்மா இன்று களைத்திருக்கிறாள், கூலி வரவில்லை, அப்பன் குடித்துவிட்டு வருகிறான் என்பவற்றைச் சொல் இல்லாமலே அறிகிறது. உணர்வுகளைப் பெற்றோரிடம் மனம்விட்டுப் பேசுவாயா என்னும் வினாவுக்கு அது இல்லை என்றே குறியிடும். மதிப்பெண் சுழியம்.

பெருமாள்முருகனின் கூளமாதாரி நாவல் 2000இல் வெளிவந்தபோது வாசித்தவர்கள் கூளையனை மறந்திருக்க மாட்டார்கள். பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட அந்தச் சிறுவனின் அச்சமும் நட்பும் ஏக்கமும் அவமானமும் நாவல் முழுதும் நிறைந்திருக்கின்றன. பெற்றோர் கல்வித் தகுதி என்னும் கட்டத்தில் அவனுக்கு எழுத ஒன்றுமில்லை. அவனிடம் உணர்வறிவு குறைவு என்று எந்த வாசகராலும் சொல்ல முடியாது. அவனிடம் குறைவாக இருந்தது உரிமை.

இங்கே நம் தமிழ்ப் பாடத்துக்கு வருகிறோம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலை முதுகலை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். எட்டு மெய்ப்பாடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள். இவற்றுள் கல்வி எங்கே வருகிறது? பெருமிதத்தின் கீழ் வருகிறது. தறுகண், புகழ், கொடை ஆகியவற்றோடு கல்வியும் பெருமிதம் பிறக்கும் இடம். அழுகை பிறக்கும் இடங்களுள் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது இளிவு. பிறரால் இகழப்பட்டு எளியராதல் என்று அதற்குப் பொருள் கொள்வர். வறுமையும் அந்த நான்கனுள் ஒன்று.

இந்த வைப்புமுறை பெரிதும் சிந்திக்கத் தக்கது. கல்வி தனக்குரியவரிடம் பெருமிதத்தைப் பிறப்பிக்கும் என்பதோடு தொல்காப்பியம் நின்றுகொள்கிறது. கற்றவர் பிறர் நெஞ்சை அறிவார் என்று அது எங்கும் உறுதி தரவில்லை. திருக்குறளும் கல்வி, கல்லாமை ஆகிய இரு அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை வைத்து, கல்லாதவர்க்கும் ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. பிறர் முகம் நோக்கி உள்ளம் உணரும் குறிப்பறிதலுக்கோ அரசவையில் ஒன்றும் காதலில் ஒன்றுமாக இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பிறர் துன்பத்தைத் தன் துன்பம்போல் காணாவிட்டால் அறிவினால் பயன் உண்டோ என்னும் கேள்வியை அது இன்னாசெய்யாமையில் எழுப்புகிறது. அறிவு வேறு, அந்தக் காணல் வேறு என்று தெரிந்தவர் கேட்ட கேள்வி அது.

ஆகவே பெற்றோரின் கல்வி பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பதை இந்தச் சட்டகத்தில் வைத்துப் பார்க்கலாம். பெற்றோரின் பட்டம் பிள்ளையை இளிவிலிருந்து காக்கிறது. தலைமையாசிரியர் அறையில் நாற்காலி கிடைக்கிறது. மருத்துவர் முழு வாக்கியத்தில் பேசுகிறார். இகழப்படாத பெற்றோரின் பிள்ளை நிமிர்ந்து நிற்கிறது. அந்த நிமிர்வைத்தான் தேர்வுத்தாள் உணர்வறிவு என்று பதிவு செய்கிறது. படிக்காதவர் பிள்ளையின் தலைகுனிவைக் குறைபாடு என்று பதிவு செய்கிறது. நோயைத் தந்தவர்களே நோயாளியின் இரத்தத்தைப் பழிக்கும் கதை இது.

பெருமிதத்தின் மறுபக்கத்தையும் நாம் நேரில் கண்டிருக்கிறோம். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நாமும் மனைவியும் முதுகலைப் பட்டம் பெற்றவர்கள். பதினோராம் வகுப்புக்கு மகளை வெளியூரில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். கொங்கு நாட்டில் படித்த குடும்பங்கள் பலவும் செய்வதுதான். நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளின் புகழ் தமிழகம் அறிந்தது. மாதம் ஒரு ஞாயிறு பார்க்கப் போவோம். வாரத் தேர்வில் என்ன மதிப்பெண், எத்தனையாவது இடம், சாப்பிட்டாயா என்று மூன்று கேள்விகள். நன்றாக இருக்கிறேன் என்று ஒரே பதில். காலையில் வகுப்பில் மெய்ப்பாட்டியல் நடத்திய நமக்கு, மகளின் கண்ணுக்குக் கீழிருந்த கருமை தெரியவில்லை. விடுமுறைக்கு வந்தவளை வாசலில் பார்த்த நம் தாயார், எழுத்தறியாதவர், உள்ளே வந்து சொன்னார்: "ஏஞ்சாமி, புள்ள மொகமே செரியில்லையே, கேட்டீங்களா?" அன்றிரவுதான் கேட்டோம். மதிப்பெண் வரிசைப்படி அமரவைக்கும் வகுப்பறை, பின்வரிசைக்குப் போய்விடுவோமோ என்னும் அச்சம், இரண்டு மாதமாகச் சரியான உறக்கம் இல்லை. அவளைத் திரும்ப அனுப்பவில்லை.

இதைக் கேட்டுவிட்டுக் கல்லாத தாய்மார்களே சிறந்தவர்கள் என்று யாரும் ஒரு கோயில் கட்டிவிட வேண்டாம். பேத்தியின் முகத்தைப் படித்த அதே தாயார்தான், நம் அக்காவை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார். அக்கா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அந்த முகத்தைப் படிக்க அவருக்குத் தெரியாமல் இல்லை. படித்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லாத வீடு அது. முடிவெடுக்கும் இடத்தில் அவர் இல்லை. உணர்வை அறியும் ஆற்றல் ஒன்று. அறிந்ததன்மேல் செயற்படும் அதிகாரம் மற்றொன்று. பெண் கல்வி தருவது இந்த இரண்டாவதை. தாயின் பள்ளிக் கல்வி குழந்தை இறப்பைக் குறைக்கிறது என்று நைஜீரியத் தரவுகளைக் கொண்டு ஜான் கால்டுவெல் 1979இல் எழுதினார். படித்த தாய் வீட்டில் குரல் பெறுகிறாள், மாமியாரைக் கேட்காமலே பிள்ளையை மருத்துவரிடம் தூக்கிச் செல்கிறாள் என்பது அவர் தந்த விளக்கங்களுள் ஒன்று. இதனை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். ஆலைகளின் பெண்கள் விடுதிகளில் பதின்ம வயதைத் தொலைத்த சுமங்கலித் திட்டப் பெண்களைக் கண்ட கொங்கு மண்ணில் நின்றுகொண்டு, கல்வி தேவையில்லை என்று சொல்ல நமக்கு நா எழாது. கல்வி எல்லார்க்கும் வேண்டும். கல்வி கிட்டாதவரின் பிள்ளையை மனம் குறைந்தவன் என்று முத்திரையிடும் அதிகாரம் எவர்க்கும் வேண்டாம்.

சட்டமும் இதனை ஒருவாறு உணர்ந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ எவ்வகைத் தெரிவுச் சோதனைக்கும் உட்படுத்தலாகாது என்கிறது. மீறினால் முதல்முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் வரையும் தண்டம். மழலையர் வகுப்புகளுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பது நீதிமன்றங்களில் வழக்காடப்பட்டாலும் சட்டத்தின் நோக்கம் தெளிவு. டெல்லியில் மழலையர் சேர்க்கைக்காகக் கங்குலி குழு வகுத்த புள்ளி முறையில் பெற்றோரின் கல்விக்கும் இடம் இருந்தது. 2016 ஜனவரியில் டெல்லி அரசு செல்லாது என்று அறிவித்த 62 அளவுகோல்களுள் பெற்றோர் கல்வியும் ஒன்று. நம் பக்கத்துத் தனியார் பள்ளிகள் சில, தெரிவு என்ற சொல்லை விட்டுவிட்டு உரையாடல் என்று பெயரிட்டுப் பெற்றோரை அழைக்கின்றன. அந்த உரையாடலில் ஆங்கிலத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி என்ன என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

ஒரே தகவலை இருவேறு வகையில் கேட்கலாம். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்காக அரசு கேட்கும்போது, உனக்கு எது கிட்டவில்லை, நாங்கள் எதை ஈடுசெய்ய வேண்டும் என்பது பொருள். பள்ளிப் படிவம் கேட்கும்போது, நீ எங்களுக்குத் தகுதியா என்பது பொருள். முன்னது கடன் தீர்ப்பது, பின்னது தீண்டாமையின் புதிய வடிவம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். ஒவ்வொரு சாவுக்கும் காரணங்கள் பல. அவற்றை ஒரு வரியில் அடக்க நாம் துணியமாட்டோம். ஆனால் அந்தப் பட்டியலின் முன் நின்றுகொண்டு பெற்றோர் என்ன படித்திருக்கிறார்கள் என்று கேட்பதைவிட, அந்தப் பிள்ளைகள் நாளில் பெரும்பகுதியைக் கழித்த இடம் எப்படி இருந்தது என்று கேட்பது நேர்மையானது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டபோது, உணர்வறிவுப் பாடம் எதுவும் சாதிக்காததை ஓர் அரசாணை சாதித்தது.

நாம் கேட்பவை மூன்று. பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலிருந்து பெற்றோரின் கல்வித் தகுதி என்னும் கட்டத்தை எடுத்துவிடுங்கள். உதவித்தொகைக்குத் தேவைப்பட்டால் சேர்க்கைக்குப் பின் கேட்டுக்கொள்ளுங்கள். கல்வியியல் ஆய்வேடு எழுதும் நண்பர்களே, பிள்ளையை அளப்பதற்கு முன் ஒருமுறை பள்ளியை அளந்து பாருங்கள். அங்கே ஒரு நாளில் எத்தனை முறை ஒரு பிள்ளை பெயர் சொல்லி அழைக்கப்படுகிறது, எத்தனை முறை இகழப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். படித்த பெற்றோராகிய நம்மவர்களிடம் கேட்பது எளியது: அடுத்த முறை பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போது முதலில் முகத்தைப் பாருங்கள், மதிப்பெண் பட்டியல் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

தறிக்குடோன் அம்மாவின் மகன் இப்போது கோவையில் ஒரு நிறுவனத்தில் பொறியாளர். நாளை அவர் தம் பிள்ளைக்காக ஒரு படிவம் நிரப்பும்போது தந்தையின் கல்வித் தகுதி என்னும் கட்டத்தில் பட்டத்தை எழுதுவார். அப்பிள்ளை பிறர் மனம் அறிந்து நடந்தால், அந்தப் பெருமை அந்தப் பட்டத்தின் கணக்கில் சேரும். அன்று நம் வீட்டு முற்றத்தில் தம் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்ட பாட்டிக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.